வகுப்பில் இருந்தும் ‘அப்சான்’

எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் காலையில் கண் விழித்தால் நாற்பது செய்தி வந்து கிடக்கும். முருகன் படம், வெந்தயத் தண்ணீர், யாரோ காலமான தகவல். போனது யார் என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவது என் வழக்கம். நான்கு மாதத்துக்கு முன் வந்த ஒன்றை அப்படி மூட முடியவில்லை. ‘மூளைக்குள் பேட்டரி! காக்காய் வலிப்புக்கு நிரந்தரத் தீர்வு! அனைவருக்கும் பகிரவும்’ என்று போட்டு, மண்டை ஓட்டின் நடுவில் இரண்டு கம்பிகள் இறங்குவதுபோல் ஒரு படம்.

அன்று மாலையே அதே படம் என் தம்பி மகனிடமிருந்து வந்தது. பின்னாலேயே போனும் வந்தது.

“பெரியப்பா, சென்னையில இதைச் செய்யறாங்களாம். பாப்பாவுக்குப் பாக்கலாமா? வீட்டை வச்சாவது செஞ்சிடலாம்.”

பாப்பா என்பது தம்பியின் பேத்தி. ஏழு வயது. ஒரு வருஷமாகவே சாப்பிடும்போது கையில் எடுத்த சோறு அப்படியே நிற்கும். கண் எங்கோ பார்க்கும். பத்து நொடி கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் மீதிச் சோற்றைத் தின்னும். ஒரு மருத்துவரிடம் காட்டி, வலிப்பு என்று மாத்திரை கொடுத்து, இரண்டு மாதத்தில் அது குறைவதற்குப் பதில் கூடிப்போயிருந்தது. அந்த நேரத்தில்தான் இந்தப் பேட்டரி வந்து சேர்ந்தது.

“வேண்டாம்பா, கொஞ்சம் பொறு” என்றேன். ஏன் வேண்டாம் என்று அப்போது எனக்கே தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. அதற்காக மூன்று வாரம் உட்கார்ந்து படித்தேன். நான் மருத்துவன் இல்லை. முப்பத்தாறு வருஷம் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது. இந்த நோயின் பழைய பெயர்கள் எல்லாம் நான் படித்த மொழியில் இருந்தன. கீழே விழுந்து கைகால் இழுத்து நுரை தள்ளும் பெரிய வலிப்பை ‘கிரான் மால்’, பெரிய நோவு என்றார்கள். விழாமல், இழுக்காமல், சும்மா விழித்தபடி நின்றுபோவதை ‘பெத்தி மால்’, சின்ன நோவு என்றார்கள். பாரிஸ் மருத்துவமனைகளில் நோயாளிகள் பேசிய பேச்சிலிருந்து எழுத்துக்கு வந்த பெயர்கள் இவை. 1824இல் கால்மெய் என்ற மருத்துவர் அந்தச் சின்ன நோவுக்கு இன்னொரு பெயர் வைத்தார். ‘அப்சான்ஸ்’. இல்லாமல் இருத்தல். இன்றைக்கும் உலகம் முழுக்க மருத்துவர்கள் அந்தச் சொல்லைத்தான் எழுதுகிறார்கள்.

அந்தச் சொல்லைப் படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மொட்டை மாடியில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். காரணம் சொல்கிறேன்.

1960, 61 வாக்கில் நானும் தம்பியும் ஒரே பிரெஞ்சுப் பள்ளியில் படித்தோம். நான் இரண்டு வகுப்பு மேலே. பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிப் போய்விட்டார்கள், ஆனால் சட்டப்படியான கைமாற்றம் 1962இல்தான் என்பதால் பள்ளிக்கூடம் பழையபடியே நடந்துகொண்டிருந்தது. காலையில் பெயர் கூப்பிடுவார்கள். எழுந்து நின்று ‘பிரெசான்’ என்று சொல்ல வேண்டும். தம்பி சில நாள் சொல்லமாட்டான். உட்கார்ந்திருப்பான், கண் திறந்திருக்கும், பதில் வராது. அவன் வகுப்பு முசியே முதலில் ‘நிலாவுக்குப் போய்விட்டாயா’ என்று கேலி செய்தார். பிரெஞ்சில் கவனமில்லாத பையனை நிலாவில் இருக்கிறான் என்றுதான் சொல்வார்கள். பிறகு மரஸ்கேலால் விரல் மொட்டியில் அடித்தார். அதற்கும் மசியவில்லை என்றதும் திமிர் என்று முடிவு செய்து, பையன் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே பதிவேட்டில் ‘அப்சான்’ என்று போட ஆரம்பித்தார்.

மாத முடிவில் வீட்டுக்குக் கடிதம் வந்தது: உங்கள் மகன் பதினோரு நாள் வரவில்லை. அப்பாவுக்குப் பிரெஞ்சு அரைகுறை, ஆனால் ‘அப்சான்’ புரியும். பெல்ட்டைக் கழற்றினார். தம்பி “போனேம்பா, போனேம்பா” என்று கத்தினான். தினமும் பெரிய வாய்க்கால் ஓரமாக அவன் கையைப் பிடித்து அழைத்துப் போனவன் நான். அவன் ஒரு நாள் விடாமல் பள்ளிக்கூடம் வந்தான் என்று எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் எனக்கும் விழும் என்ற பயம். அவ்வளவுதான் காரணம், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

அடுத்த வருஷம் அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தாயத்து கட்டினார்கள், மந்திரித்தார்கள், இரும்புச் சாவியைக் கையில் கொடுத்துப் பார்த்தார்கள். சைக்கிள் கடையில் சேர்த்தார்கள். பதினான்கு வயதுவாக்கில் அது தானாகவே நின்றுவிட்டது. அப்புறம் மில்லில் சேர்ந்தான், கல்யாணம் செய்தான், ஓய்வும் பெற்றான். நான் பிரெஞ்சு முடித்தேன். பழைய பதிவேடுகளைப் படிக்க ஆள் தேவைப்பட்ட அரசாங்கம் என்னை எடுத்துக்கொண்டது. இன்று அவன் ஓய்வூதியத்தையும் என் ஓய்வூதியத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தப் பதினோரு ‘அப்சான்’ எவ்வளவு விலை என்று தெரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பாப்பாவுக்கு மூளையின் மின்னோட்டப் பதிவு, இ.இ.ஜி., அதுவரை எடுக்கவே இல்லை. முதலில் அதை எடுங்கள் என்று பிடிவாதம் பிடித்து அழைத்துப் போனோம். தலையில் பசை தடவி இருபது கம்பி ஒட்டினார்கள். ஒரு காகிதக் காற்றாடியைக் கையில் கொடுத்து, “இது நிக்காம ஊதிக்கிட்டே இரு கண்ணு” என்றார் அந்தப் பெண். மூச்சை வேகவேகமாக இழுத்து விட்டால் இந்த வகை வலிப்பு உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அங்கேயே வந்துவிடும். மூன்று நிமிஷம் ஊதச் சொல்வது வழக்கமாம். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பாப்பாவின் வாய் குவிந்தபடியே நின்றது. காற்றாடி மெதுவாகச் சுற்றி நின்றது. கண்ணிமை மட்டும் லேசாகத் துடித்தது. திரையில் அதுவரை கிறுக்கலாக ஓடிய கோடுகள் எல்லாம் ஒரே சமயத்தில், ஒரு கூர்முனை ஒரு அலை, ஒரு கூர்முனை ஒரு அலை என்று அணிவகுத்தன. நொடிக்கு மூன்று. பன்னிரண்டு நொடி. பிறகு கோடுகள் மறுபடி கிறுக்கலாயின. பாப்பா மறுபடி ஊதினாள்.

தம்பி என் பக்கத்தில் நின்றிருந்தான். அவனுக்கு வயது 72. தனக்கு வந்ததை அவன் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எப்படிப் பார்த்திருக்க முடியும்?

“அண்ணே, நானும் இப்படித்தான் இருந்தேனா?”

“இப்படித்தான்டா” என்றேன்.

அந்த நொடிக்கு மூன்று என்ற கணக்கை 1935இல் அமெரிக்காவின் பாஸ்டனில் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் என்பவர்கள் கண்டு சொல்லிவிட்டார்கள். மனித மூளையின் மின்னலையை ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் முதலில் பதிவு செய்தது 1924இல், அதை வெளியிட்டது 1929இல். அதாவது தம்பி அடி வாங்குவதற்கு இருபத்தைந்து வருஷம் முன்பே அவன் எங்கே போய் வருகிறான் என்பது காகிதத்தில் பதிவாகியிருந்தது. அந்தச் செய்தி எங்கள் வாய்க்காலைத் தாண்டி வரவில்லை.

இப்போது ஒரு கேள்வி. மூளையின் மேற்பரப்பில், அதாவது சுருக்கம் சுருக்கமாக இருக்கும் மேலுறையில், இடப்பக்கமும் வலப்பக்கமும் முன்னும் பின்னும் ஒரே கணத்தில் இந்த அலை எப்படிப் புறப்படுகிறது? ஓர் இடத்தில் தீப்பிடித்துப் பரவினால் பக்கத்து வீடு, அடுத்த வீடு என்றுதானே போக வேண்டும்? ஊர் முழுக்க ஒரே நேரத்தில் விளக்கு அணைந்தால் தெருவில் இருக்கும் கம்பத்தையா பார்ப்போம்? துணைமின் நிலையத்தைத்தானே பார்ப்போம்?

அந்தத் துணைமின் நிலையம் மூளையின் நட்டநடுவில் இருக்கிறது. பெயர் தலாமஸ். கிரேக்கத்தில் உள்ளறை, படுக்கையறை என்று அர்த்தம். இடதில் ஒன்று வலதில் ஒன்று, ஒவ்வொன்றும் மூன்று சென்டிமீட்டர் நீளம் இருந்தால் அதிகம். பழைய பிரெஞ்சு நூல்களில் இதற்குக் ‘கூஷ் ஒப்திக்’ என்று பெயர். பார்வை நரம்போடு மட்டும் சம்பந்தப்பட்டது என்று முதலில் நினைத்தார்கள். 1865இல் பாரிசின் லூயி என்ற மருத்துவர் (லூயி மன்னர் அல்ல, இவர் வேறு) இதற்குள் பார்வை, தொடுகை, கேள்வி, வாசனை என்று தனித்தனி மையங்கள் உண்டு என்று எழுதினார். வாசனை விஷயத்தில் தவறினார். அது மட்டும் இந்த வழியைக் கேட்காமலே மேலே போய்விடும். மற்றபடி உடம்பிலிருந்து மேலே போகிற செய்தி அத்தனையும் இங்கே நின்று முத்திரை வாங்கித்தான் போகிறது.

மேலுறைக்குத் தமிழ்ப் பாடநூலில் புறணி என்று பெயர். நம் ஊரில் புறணி பேசுவது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஒரு விதத்தில் பொருத்தமான பெயர்தான். ஏனென்றால் தலாமஸ் புறணிக்கு அனுப்பும் இழைகளைவிட, புறணி கீழே தலாமஸுக்கு அனுப்பும் இழைகள் பல மடங்கு அதிகம். ஓயாமல் கீழே சொல்லிக்கொண்டே இருக்கிறது. கீழே இருப்பது மேலே சொல்கிறது.

நான் பதினோரு வருஷம் தபால் பிரிவில் இருந்தவன். எனக்கு இது உடனே புரிந்தது. வெளியிலிருந்து வரும் கடிதம் தபால் பிரிவுக்கு வந்து, எண் போட்டு, உரிய பிரிவுக்குப் போகும். பிரிவு குறிப்பு எழுதித் திருப்பும். நாங்கள் மறுபடி அனுப்புவோம். ஒழுங்காக நடந்தால் அலுவலகம் நடக்கிறது. ஆனால் சில கோப்புகள் இருக்கின்றன. ‘விளக்கம் தேவை’ என்று அங்கிருந்து வரும், ‘விளக்கம் மேலே உள்ளது’ என்று இங்கிருந்து போகும். ஒரு கோப்பு இப்படி இரண்டு மேசைக்கு நடுவில் எட்டு மாதம் சுற்றியதை நான் பார்த்திருக்கிறேன். அதையே நொடிக்கு மூன்று தடவை, அலுவலகத்தின் எல்லா மேசையும் சேர்ந்து செய்தால் எப்படி இருக்கும்? விளக்கு எரியும், மின்விசிறி சுற்றும், எல்லோரும் நாற்காலியில் இருப்பார்கள், ஜன்னலில் நிற்கும் ஆளுக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை. அதுதான் அப்சான்ஸ்.

சுற்று ஏன் தாளம் தப்பாமல் வருகிறது என்பதற்கும் விடை தெரிந்திருக்கிறது. தலாமஸைச் சுற்றி வலைபோல் ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது. அதன் வேலை அடக்குவது. வகுப்பில் பிரம்பால் மேசையைத் தட்டும் ஆசிரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டினால் பிள்ளைகள் கப்சிப். ஆனால் அந்த மௌனம்தான் ஆபத்து. தலாமஸின் நரம்பணுக்களில் கால்சியம் நுழையும் ஒரு வகைக் கதவு இருக்கிறது. சாதாரண நேரத்தில் அது பூட்டிக் கிடக்கும். அணுவை ஆழமாக அடக்கினால் பூட்டு விலகித் தயாராகிவிடும். அடக்குமுறை கொஞ்சம் தளர்ந்ததும் கதவுகள் படாரென்று திறந்து எல்லா அணுவும் ஒன்றாகக் கூச்சலிடும். கூச்சல் மேலே புறணிக்குப் போகும், புறணி கீழே திருப்பிச் சொல்லும், ஆசிரியர் மறுபடி பிரம்பைத் தட்டுவார். மறுபடி மௌனம், மறுபடி கூச்சல்.

இதே இயந்திரம்தான் நாம் தூங்கப் போகும்போது வெளியுலகச் செய்தியை மேலே விடாமல் அடைக்கிறது. பாப்பா தூக்கம் கெட்ட மறுநாள் அதிகமாக ‘நிலாவுக்கு’ப் போனதை அவள் அம்மா முன்பே கவனித்திருந்தாள். நாங்கள்தான் காதில் வாங்கவில்லை.

அப்படியானால் குற்றவாளி தலாமஸ்தானா? இதில் அறிவியல்காரர்களே எழுபது வருஷம் சண்டை போட்டிருக்கிறார்கள். கனடாவின் மாண்ட்ரீல் நகரில் பென்ஃபீல்டு, ஜாஸ்பர் என்று இரண்டு பேர். ஜாஸ்பரும் கூட்டாளியும் 1940களில் மயக்கத்தில் இருந்த பூனைகளின் தலாமஸ் நடுவில் கம்பி வைத்து நொடிக்கு மூன்று என்று மின்சாரம் தட்டினார்கள். மேலே இரண்டு பக்கப் புறணியிலும் அதே கூர்முனை-அலை வந்தது. 1954இல் பெரிய புத்தகம் போட்டார்கள் (நம் ஊரில் பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிய வருஷம்). இந்த வகை வலிப்பு நடுவிலிருந்து கிளம்பி மேலே போகிறது, தலைமைச் செயலகத்தில் கோளாறு, என்பது அவர்கள் கட்சி.

பிறகு எதிர்க்கட்சி வந்தது. இதில் எனக்குப் பிடித்தது ஸ்ட்ராஸ்பூர்க் கதை. 1980களில் அங்கே ஆய்வுக்கூட எலிகளில் சில தாமாகவே அவ்வப்போது உறைந்து நிற்பதைக் கண்டார்கள். அந்த எலிகளையே தேர்ந்து இனப்பெருக்கம் செய்து, எல்லா எலிக்கும் அப்சான்ஸ் வரும் ஒரு வம்சத்தை உண்டாக்கினார்கள். தலாமஸில் சில பகுதியைச் செயலிழக்கச் செய்தால் வலிப்பு நின்றது. புறணியைச் செயலிழக்கச் செய்தாலும் நின்றது! இரண்டு பேரும் இருந்தால்தான் கூத்து நடக்கும். 2002இல் நெதர்லாந்தின் நைமேகன் நகரில் வேறொரு எலி வம்சத்தை வைத்து, நொடியை ஆயிரமாகப் பிரித்து யார் முதலில் என்று பார்த்தார்கள். முதல் அரை நொடியில் புறணியின் ஒரு சின்ன இடம், எலியின் வாயோரத்து உணர்வைக் கவனிக்கும் இடம், முந்துகிறது. அரை நொடி தாண்டியதும் புறணி தலாமஸை இழுக்கிறதா, தலாமஸ் புறணியை இழுக்கிறதா என்று பிரிக்க முடியவில்லை. மாறி மாறி இழுக்கின்றன.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். யார் ஆரம்பித்தது என்ற கேள்வியைப் பெரிது பண்ணியது வீண். ஆரம்பித்தது மேலேயாக இருக்கலாம். ஆனால் ஆரம்பித்தது அரை நொடி. சுற்றியது பன்னிரண்டு நொடி. கோப்பை முதலில் தவறாக அனுப்பியவர் யார் என்று எட்டு மாதம் விசாரித்த அலுவலகத்தில் நான் இருந்திருக்கிறேன். அந்த எட்டு மாதமும் கோப்பு சுற்றிக்கொண்டுதான் இருந்தது. எந்த மேசையில் கை வைத்தால் சுற்று நிற்கும் என்பதுதான் கேள்வி. அங்கேதான் ஆழத்தில் இருக்கும் தலாமஸ் முக்கியமாகிறது. குற்றவாளி என்பதால் அல்ல. எல்லா வழியும் அந்தக் குறுகலான வாசல் வழியாகப் போவதால்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. பாப்பாவுக்கு முதலில் கொடுத்தது கார்பமசெபின் என்ற மாத்திரை. கெட்ட மாத்திரை அல்ல. புறணியில் ஓரிடத்தில் தொடங்கும் வலிப்புக்கு நல்ல மருந்து, இந்த ஊரிலேயே எத்தனையோ பேர் அதைச் சாப்பிட்டு வேலைக்குப் போய் வருகிறார்கள். ஆனால் அப்சான்ஸில் அதே மாத்திரை சுற்றை அதிகமாக்கக்கூடும். அடக்கும் இரசாயனத்தைக் கூட்டுகிற வேறு சில வலிப்பு மருந்துகளும் அப்படியே. வலிப்பு என்றால் அடக்கினால் சரிதானே என்று தோன்றும். பிரம்பு ஆசிரியரை நினைத்துப் பாருங்கள், அடக்க அடக்கத்தான் அங்கே கூச்சல் கூடும். மாறாக, எதோசக்சிமைடு என்று ஒரு மருந்து, 1950களின் கடைசியிலிருந்தே இருக்கிறது. அது வேலை செய்யும் முறை 1989இல்தான் தெளிவானது. தலாமஸ் அணுவின் அந்தக் கால்சியம் கதவைத்தான் அது மட்டுப்படுத்துகிறது. 2010இல் அமெரிக்காவில் 453 பிள்ளைகளிடம் மூன்று மருந்தை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எதோசக்சிமைடும் வால்ப்ரோயேட்டும் நன்றாக வேலை செய்தன, லாமோட்ரிஜின் பின்தங்கியது. முதல் இரண்டில், பிள்ளையின் கவனம் கெடாமல் இருந்தது எதோசக்சிமைடில்.

வலிப்பு என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, இ.இ.ஜி. பார்க்காமல், எல்லா வலிப்புக்கும் ஒரே மாத்திரை எழுதுவது தவறு என்று நான் நினைக்கிறேன். அந்த மருத்துவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது, இப்போது அவ்வளவு இல்லை. கூட்டம் அதிகம், நாமும் போய் “ஃபிட்ஸ் டாக்டர்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிற்கிறோம். நிற்பது எத்தனை நொடி, விழுகிறாளா, கண் எப்படி இருக்கிறது, நாளைக்கு எத்தனை தடவை என்று எழுதிக்கொண்டு போனால் அவருக்கும் வேறு மாதிரி யோசிக்கத் தோன்றியிருக்கும். செல்போனில் ஒரு நிமிஷம் படம் எடுத்துப் போனால் இன்னும் நல்லது. அதற்காகச் சந்தேகம் வந்ததும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் பெரிய வலிப்பே தொடர்ந்து வரும் அபாயம் உண்டு. மாற்றுவதை மருத்துவர்தான் படிப்படியாகச் செய்ய வேண்டும்.

சரி, அந்தப் பேட்டரி? அது பொய்யில்லை. தலாமஸின் முன்பக்க முடிச்சில் இரண்டு பக்கமும் மெல்லிய கம்பி இறக்கி, மார்புத் தோலுக்கு அடியில் சின்னக் கருவி வைத்து, விட்டு விட்டு மின்சாரம் தட்டுவது. 2010இல் வந்த பெரிய ஆய்வில் 110 பேர். எல்லோரும் வயது வந்தவர்கள், பல மருந்துக்கும் மசியாதவர்கள், ஓரிடத்தில் தொடங்கிப் பரவும் வலிப்பு உள்ளவர்கள். எல்லோருக்கும் கம்பி வைத்து, பாதிப் பேருக்கு மட்டும் கருவியை ஓடவிட்டார்கள். யாருக்கு ஓடுகிறது என்பதை யாருக்கும் சொல்லவில்லை. மூன்று மாத முடிவில், ஓடியவர்களுக்கு வலிப்பின் எண்ணிக்கை நடுமதிப்பில் 40 சதவீதம் குறைந்தது. ஓடாதவர்களுக்கும் சுமார் 15 சதவீதம் குறைந்தது! கம்பி வைத்த நம்பிக்கையே அவ்வளவு செய்கிறது. ஐந்து வருஷத்தில் குறைவு 69 சதவீதம் வரை போயிருக்கிறது. மனச்சோர்வும் மறதியும் சிலருக்கு வந்தன. 2018இல் அமெரிக்க அரசு அனுமதித்தது.

இந்த எண்களை நான் குறைத்துப் பேசவில்லை. தினம் மூன்று தடவை விழுந்து மண்டை உடைபவருக்கு அது ஒன்றாகக் குறைந்தால் அது பெரிய காரியம். ஸ்டான்ஃபோர்டில் எலிகளிடம் இன்னும் ஒரு படி போய், வலிப்பு கிளம்பும் கணத்தைக் கருவியே கண்டுபிடித்து, தலாமஸில் ஒளி பாய்ச்சி அந்த இடத்திலேயே நிறுத்திக் காட்டினார்கள். 2013இல் வந்த செய்தி. அந்த எலிகளுக்குப் புண் இருந்தது மேலே புறணியில். நிறுத்தியது கீழே ஆழத்தில். நான் மேலே சொன்ன கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. ஆனால் ‘நிரந்தரத் தீர்வு’ என்று எழுதிப் பகிர்வது அநியாயம். ‘40 சதவீதம்’ என்று எழுதினால் யாரும் பகிரமாட்டார்கள் போலிருக்கிறது. மாத்திரையில் அடங்கக்கூடிய, பெரும்பாலும் வளரும் வயதில் தானே விலகக்கூடிய அப்சான்ஸ் உள்ள ஏழு வயதுப் பிள்ளையின் மண்டையைத் துளைக்க வீட்டை அடகு வைக்க வேண்டும் என்று ஒரு தகப்பனை அந்தப் படம் யோசிக்க வைத்ததே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

புது மருத்துவர், பெண் பிள்ளை என்பதால் வால்ப்ரோயேட்டைத் தவிர்த்து எதோசக்சிமைடு தொடங்கியிருக்கிறார். பழையதை மெதுவாகக் குறைத்து நிறுத்தியாகிவிட்டது. இரண்டு மாதம் கழித்து மறுபடி காற்றாடி ஊதச் சொன்னார்கள். மூன்று நிமிஷமும் ஊதிவிட்டு “இன்னும் ஊதவா?” என்றாள்.

வீட்டில் இன்னொரு பேச்சு ஓடியது. பொம்பளப் பிள்ளை, வெளியே சொல்லாதீர்கள், நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வரும்போது... இந்தப் புறணிக்கு மட்டும் மருந்து கிடையாது. இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயைத் தடையாகச் சொன்ன சொல்லை 1999லேயே நீக்கிவிட்டார்கள் என்று என் தம்பி மருமகளிடம் சொன்னேன். “சட்டம் பொண்ணு பாக்க வராது பெரிய மாமா” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் சொல்லியே ஆக வேண்டும் என்றேன். அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

சென்ற திங்கட்கிழமை நானும் தம்பியும் பாப்பாவின் பள்ளிக்குப் போனோம். வகுப்பாசிரியை சின்னப் பெண், முப்பது வயது இருக்கும். நான் தலாமஸ், கால்சியம் என்று ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். தம்பி இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் அவர் கேட்டார், “சரிங்க சார், அட்டென்டன்ஸ் எடுக்கறப்ப அவ பதில் சொல்லலைன்னா நான் என்ன செய்யணும்?”

நான் வாய் திறப்பதற்குள் தம்பி சொன்னான்.

“பத்து எண்ணுங்கம்மா. எண்ணிட்டு மறுபடி ஒரு தடவை கூப்பிடுங்க.”